அளந்து சொல்லும் குரல்

நுழையும்முன்

ஆய்வு செய்து முடிவை வெளியிடுவதோடு அறிஞரின் பணி நிறைவு பெறுகிறதா? தாம் கண்ட உண்மையை நாடறியச் சொல்வதும் அவர்தம் கடமையா? காலநிலை மாற்றம் இவ்வினாவை உலகப் பல்கலைக்கழகங்களின் முன் வைத்துள்ளது. அறிஞரின் குரல் எப்போது மக்களைக் காக்கும் ஆற்றலைப் பெறுகிறது என்பதைச் சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையை முன்னிறுத்தி இப்பாடம் விளக்குகிறது.

ஆறு வளைந்த பேட்டை

சென்னை மாநகரின் நடுவே, கூவம் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் அமைந்துள்ளது சிந்தாதிரிப்பேட்டை. ஆறு சூழ்ந்த இந்நிலப்பகுதி, 1734-ஆம் ஆண்டில், ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர் குடியிருப்பாக உருவாக்கப்பட்டது. 'சின்னத் தறிப் பேட்டை' என்பதே சிந்தாதிரிப்பேட்டை என மருவிற்று என்பர். நூற்போர், நெய்வோர், துணிக்கு வண்ணம் தீட்டுவோர், வெளுப்போர் ஆகியோர் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். சாயமிடவும் வெளுக்கவும் நீர் இன்றியமையாதது. ஆகவே, ஆற்றின் அருகாமை அன்று இவ்வூருக்கு வாய்த்த பேறு.

இன்று தறிகளின் ஓசை இல்லை. மீன் சந்தையும் மே தினப் பூங்காவும் பறக்கும் தொடர்வண்டி நிலையமும் நெருக்கமான தெருக்களுமாகப் பேட்டை மாறியுள்ளது. ஆனால், ஆறு இடம் மாறவில்லை. பேறாக இருந்த அதன் அருகாமை, பெருமழைக் காலத்தில் அச்சமாக மாறிவிடுகிறது.

இதற்குக் காரணம் உண்டு. பேட்டையைக் கடந்த கூவம், சில கிலோமீட்டர் தொலைவில் நேப்பியர் பாலத்தருகே கடலில் கலக்கிறது. மேற்கே ஏரிகள் நிரம்பி வழியும் நீர், நகரின் தெருக்களிலிருந்து வடியும் நீர், கடலின் ஓதம் ஆகிய மூன்றும் சந்திக்கும் குறுகிய பாதை இது. ஓதம் உயர்ந்திருக்கும் வேளையில் ஆற்றுநீர் விரைந்து கடலை அடைய இயலாது. முகத்துவாரத்தில் சேரும் மணல்திட்டும் அதைத் தடுக்கும். இந்நிலையில் கடல்மட்டம் சிறிதளவு உயர்ந்தாலும் ஆற்றின் வடிதிறன் குறையும். தெருவில் தேங்கிய நீர் வடிய மேலும் பல மணி நேரம் ஆகும். காலநிலை மாற்றம் என்னும் உலகளாவிய நிகழ்வு, ஒரு தெருவின் வாழ்வைத் தொடும் வழி இதுவே.

கூவம் கடலில் கலக்கும் அதே பகுதியில், சேப்பாக்கத்தில், 1857-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் உள்ளது. அடையாற்றின் அருகே கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகமும் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இயங்குகின்றன. ஆற்றங்கரையும் அறிவுக்கூடமும் இந்நகரில் அருகருகே உள்ளன. எனினும், அறிவுக்கூடத்தில் விளையும் அறிவு ஆற்றங்கரையைத் தானாகச் சென்று சேர்வதில்லை. அதனைக் கொண்டு சேர்க்க ஒருவர் பேச வேண்டியுள்ளது.

ஆய்வகம் கடந்த குரல்

அறிஞர் பேசியதால் உலகம் தன் போக்கை மாற்றிக்கொண்டதற்குத் தெளிவான சான்று ஒன்று உண்டு. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெர்வுட் ரோலண்டு, மரியோ மோலினா ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன் என்னும் வேதிப்பொருள், வளிமண்டலத்தின் மேலடுக்கிலுள்ள ஓசோனைச் சிதைக்கும் என்பதே அவர்தம் முடிவு. அவர்கள் ஆய்விதழோடு நின்றுவிடவில்லை. அப்பொருளின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த வேண்டும் என வெளிப்படையாக வலியுறுத்தினர். தொழில்துறையின் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும், சான்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. 1987-ஆம் ஆண்டில் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. பின்னர் உலக நாடுகள் அனைத்தும் அதனை ஏற்றன. ரோலண்டு, மோலினா இருவருக்கும் பால் குருட்சன் என்னும் அறிஞரோடு சேர்த்து 1995-ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதே வேதிப்பொருளுக்கு மற்றொரு முகமும் உண்டு என்பதைக் கண்டறிந்தவர், தமிழகத்தைச் சேர்ந்த வீரபத்ரன் இராமநாதன். 1944-ஆம் ஆண்டில் பிறந்த இவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றார். பின்னர்ச் செகந்தராபாத்தில் குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றினார். பெட்டிகளிலிருந்து குளிர்பதன வளி கசிந்து வெளியேறுவதை ஆராய்வது அவர் பணிகளுள் ஒன்று. உயர்கல்விக்காக அமெரிக்கா சென்று வளிமண்டல ஆய்வில் ஈடுபட்டபோது, அந்த வளியைப் பற்றிய கேள்வி புதிய வடிவில் அவர்முன் எழுந்தது. குளோரோபுளோரோகார்பனின் ஒரு மூலக்கூறு, கார்பன் டை ஆக்சைடின் ஒரு மூலக்கூற்றைக் காட்டிலும் 10,000 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்க வல்லது என 1975-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். புவி வெப்பமடைதலுக்குக் கார்பன் டை ஆக்சைடு மட்டுமே காரணம் அன்று என்பதை அவ்வாய்வு உணர்த்தியது.

1980-ஆம் ஆண்டில் ரோலண்டு மேடன் என்பவரோடு இணைந்து, புவி வெப்பமடைவதன் அடையாளம் ஏறத்தாழ 2000-ஆம் ஆண்டளவில் அளவீடுகளில் தெளிவாகத் தென்படும் என்று இராமநாதன் முன்கூட்டிக் கணித்தார். 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த பன்னாட்டுக் காலநிலை அறிக்கை அக்கணிப்பை ஒட்டியே அமைந்தது.

பழுப்பு முகிலும் மறைந்த வெப்பமும்

1999-ஆம் ஆண்டில் இராமநாதனும் பால் குருட்சனும் தலைமையேற்க, பல நாட்டு அறிஞர்கள் இந்தியப் பெருங்கடலின் மேல் விரிவான ஆய்வொன்றை நடத்தினர். விறகடுப்பு, நிலக்கரி, வண்டிப்புகை ஆகியவற்றிலிருந்து எழும் நுண்துகள்கள், தெற்காசியாவின் மீது ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தடிமனுள்ள பழுப்புநிறப் படலமாகப் பரவியிருப்பதை அவ்வாய்வு வெளிப்படுத்தியது. இத்துகள்கள் கதிரவன் ஒளியின் ஒரு பகுதியைத் தடுத்துவிடுகின்றன. அதனால் நிலத்தையும் கடற்பரப்பையும் சென்றடையும் ஒளி குறைகிறது. அதாவது, ஒரு மாசு தரும் வெப்பத்தை மற்றொரு மாசு ஓரளவு மறைத்துக் காட்டுகிறது.

கேட்பதற்கு நன்மைபோலத் தோன்றினும், இது நன்மையன்று. அத்துகள்கள் மூச்சுக்காற்றோடு கலந்து உயிரைப் பறிப்பவை. பருவமழையின் போக்கைக் குலைப்பவை. மேலும், நுண்துகள்கள் காற்றில் சில நாள்களே தங்கும். மழையில் கரைந்து வீழ்ந்துவிடும். கார்பன் டை ஆக்சைடோ பல நூற்றாண்டுகள் தங்கவல்லது. எனவே, காற்றைத் தூய்மை செய்யச் செய்ய, இதுவரை மறைந்திருந்த வெப்பம் வெளிப்படும்.

2015 மழை: சொன்னதும் சொல்லாததும்

தொல்காப்பியம் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துள்ளது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்காலம். சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை பொழியும் காலமும் அதுவே. 2015-ஆம் ஆண்டின் கூதிர்க்காலம் சென்னை மறக்கவியலாதது. நவம்பர் மாதத்தில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. மண் நீரை உறிஞ்சும் நிலை கடந்து, ஏரிகள் நிரம்பியிருந்த வேளையில், டிசம்பர் 1-ஆம் நாள் மீண்டும் பெருமழை தொடங்கியது. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறும் கூவமும் பெருக்கெடுத்தன. கரையோரத் தாழ்நிலங்களில் வாழ்ந்தோர் உடைமைகளை இழந்தனர், பலர் உயிரிழந்தனர்.

"இது காலநிலை மாற்றத்தின் விளைவா?" என்னும் வினா எங்கும் எழுந்தது. பலர் உடனே 'ஆம்' என்றனர். ஓர் அறிஞர் குழு அளந்து பார்த்தது. நெதர்லாந்து நாட்டு வானிலை ஆய்வாளர் கீர்ட் யான் வான் ஓல்டன்போர்க், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பிரீடரிக்கா ஓட்டோ, தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கிருஷ்ணா அச்சுதராவ் முதலியோர் அக்குழுவில் இருந்தனர். நீண்டகால மழைப்பதிவுகளையும் கணினி மாதிரிகளையும் கொண்டு அவர்கள் ஆராய்ந்தனர். அந்த ஒருநாள் பெருமழையில் புவி வெப்பமடைதலின் பங்கு கண்டறியப்படவில்லை என்பதே 2016-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு. பசுமைக்குடில் வளிகளின் விளைவை நுண்துகள்கள் இதுவரை ஈடுசெய்து வந்திருப்பது இதற்குக் காரணமாகலாம் என்றும் அவர்கள் குறிப்பிட்டனர். இராமநாதன் முதலியோர் கண்ட பழுப்புப் படலம் இங்கு மீண்டும் முக்கியத்துவம் பெறுகிறது.

இம்முடிவைக் கொண்டு, "காலநிலை மாற்றம் பொய்; செயல்பட வேண்டியதில்லை" என்று வாதிடுவது பிழை. ஒரு நாளின் மழையைப் பற்றிய முடிவு அது. வருங்காலத்தைப் பற்றியது அன்று. வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயரும்போது, காற்று தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும் என்பது இயற்பியல் விதி. நுண்துகள்களின் திரை விலகும்போது இவ்விதியின் விளைவு மேலும் தெளிவாக வெளிப்படும். இன்று கண்டறியப்படவில்லை என்பது நாளை நேராது என்பதற்கு உறுதியாகாது.

அம்முடிவு மற்றொன்றையும் உணர்த்துகிறது. வெள்ளத்தின் பழி முழுவதையும் வானத்தின்மீது சுமத்த இயலாது. நீர்நிலைகள் சுருங்கியமை, நீர்வழிகள் அடைபட்டமை, தாழ்நிலங்களில் கட்டடங்கள் எழுந்தமை ஆகியவையும் மழையை வெள்ளமாக்கின. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியராக விளங்கிய எஸ். ஜனகராஜன் போன்றோர் ஏரிகளையும் சதுப்புநிலங்களையும் காக்க வேண்டும் எனப் பல்லாண்டுகளாக வலியுறுத்தி வந்துள்ளனர். காலநிலை மாற்றத்தை மட்டும் காரணமாகக் கூறிவிட்டால், திருத்தக்கூடிய இப்பிழைகள் திருத்தப்படாமலே நின்றுவிடும்.

சான்று இல்லாதபோது 'கண்டறியப்படவில்லை' என்று சொல்லும் நேர்மை அறிஞரின் குரலை வலுவிழக்கச் செய்வதில்லை. அவ்வாறு சொன்னவர், சான்று கிடைத்தபோது 'ஆம்' என்று சொன்னால், அச்சொல் நம்பத்தக்கதாகிறது.

தெரிந்து தெளிவோம்

ஒரு நாளிலோ ஒரு வாரத்திலோ நிலவும் வெயில், மழை, காற்று ஆகியவற்றின் நிலை வானிலை எனப்படும். ஓரிடத்தில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் நிலவிய வானிலையின் சராசரிப் போக்கு காலநிலை எனப்படும். வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வளிகள் வெளியேறுவதைக் குறைப்பது தணிப்பு. நேரவிருக்கும் மாற்றத்தைத் தாங்கும்படி வாழ்விடத்தையும் வாழ்முறையையும் அமைத்துக்கொள்வது தகவமைப்பு.

உறுதியின் படிநிலைகள்

அறிஞர் கூற்றுகள் அனைத்தும் ஒரே அளவு உறுதி உடையவை அல்ல. 1988-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட காலநிலை மாற்றம் குறித்த அரசுகளுக்கிடையிலான குழு இதற்கெனச் சொற்களை வரையறுத்துள்ளது. 'வாய்ப்புள்ளது' என்றால் 66 விழுக்காட்டிற்கு மேல். 'மிகவும் வாய்ப்புள்ளது' என்றால் 90 விழுக்காட்டிற்கு மேல். 'ஏறத்தாழ உறுதி' என்றால் 99 விழுக்காட்டிற்கு மேல் எனப் பொருள். இவ்வளவு எச்சரிக்கையோடு பேசும் அக்குழு, 2021-ஆம் ஆண்டு அறிக்கையில், மனிதச் செயல்களே வளிமண்டலத்தையும் கடலையும் நிலத்தையும் வெப்பமாக்கியுள்ளன என்பதில் ஐயத்திற்கு இடமில்லை என அறிவித்தது. தொழிற்புரட்சிக்கு முன் 10 இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு, இன்று 420 பங்கைக் கடந்துள்ளது. புவியின் சராசரி வெப்பநிலை 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைவிட ஏறத்தாழ 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது.

இவ்வுறுதியே அறிஞர்களை ஒருங்கிணைந்து பேசத் தூண்டியது. 1992-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,700 அறிவியலாளர்கள் கையொப்பமிட்டு மனித இனத்திற்கு எச்சரிக்கை விடுத்தனர். 2017-ஆம் ஆண்டில் வெளியான இரண்டாம் எச்சரிக்கையில் 184 நாடுகளைச் சேர்ந்த 15,000-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். 2019-ஆம் ஆண்டில் 153 நாடுகளைச் சேர்ந்த 11,000-க்கும் மேற்பட்டோர், புவி ஒரு காலநிலை நெருக்கடியை எதிர்கொண்டிருக்கிறது எனத் தெளிவாக அறிவித்தனர்.

அறிஞர் பேசுவது முறையா?

இதற்கு மறுப்பும் உண்டு. அறிஞர் ஒரு கருத்தை வலியுறுத்தத் தொடங்கினால் நடுநிலை தவறிவிடுவார். அவர் ஆய்வின்மீது ஐயம் எழும். கொள்கை வகுப்பது மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் வேலை என்பர் சிலர். இம்மறுப்பில் உண்மை இல்லாமல் இல்லை. எத்தனை டிகிரி வெப்பம் உயரும் என்பது அறிவியல் வினா. அதனைத் தடுக்கும் செலவை யார் ஏற்பது என்பது அறமும் அரசியலும் கலந்த வினா. இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது பேசும் அறிஞரின் முதற்கடமை.

ஆனால், பேசாதிருப்பதும் நடுநிலை ஆகிவிடாது. பாலத்தில் விரிசல் கண்ட பொறியாளர் வாய்மூடி இருந்தால், அதை எவரும் நடுநிலை எனக் கருதார். மேலும், காலநிலை மாற்றத்தின் சுமை எல்லார்மீதும் சமமாக விழுவதில்லை. சென்னையில் கூவம் கரையோரம் வாழ்ந்த குடும்பங்கள் பல, 20 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டன. பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடுத்த தாழ்நிலமே. வளிமண்டலத்தில் சேரும் வளியில் இக்குடும்பங்களின் பங்கு மிகச் சிறிது. இழப்பில் அவர்தம் பங்கோ பெரிது. உலகின் எளிய மக்களைப் பற்றி இதே கருத்தை இராமநாதன் தொடர்ந்து வலியுறுத்தியுள்ளார். 2015-ஆம் ஆண்டில் அவர் தலைமையில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் 50 அறிஞர்கள் இணைந்து, கார்பன் சமநிலையை எட்டுவதற்கான 10 தீர்வுகளை முன்வைத்தனர். இயற்பியலாளரோடு பொருளியல், சமூகவியல் முதலிய துறையினரும் அதில் பங்கேற்றனர். எச்சரிப்பதோடு நில்லாமல் வழியும் காட்ட முனைந்த முயற்சி அது.

தமிழ் மண்ணில்

வழிகாட்டலுக்குத் தமிழகத்திலும் சான்று உண்டு. வேளாண் அறிவியலாளர் எம். எஸ். சுவாமிநாதன், கடல்மட்ட உயர்வைக் குறித்துப் பலரும் எண்ணிப் பாராத காலத்திலேயே சதுப்புநிலக் காடுகளைக் காக்க வேண்டும் என வலியுறுத்தினார். 1988-ஆம் ஆண்டில் அவர் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், பிச்சாவரத்தில் சிதைந்த அலையாத்திக் காடுகளை மீட்கும் பணியில் ஈடுபட்டது. காடு அழிந்த இடங்கள் குழிவாகி, தேங்கிய நீர் வற்றி, மண்ணில் உப்பு மிகுந்ததே மரங்கள் மீண்டும் வளராமைக்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. சிறு வாய்க்கால்கள் வெட்டி ஓதநீர் வந்து செல்ல வழி செய்யப்பட்டது. ஊர்மக்களும் பணியில் இணைந்தனர். காடு மீண்டும் தழைத்தது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது பிச்சாவரத்துக் காடுகள் அலையின் வேகத்தைத் தணித்து, அவற்றின் பின்னமைந்த சிற்றூர்களுக்கு அரணாயின.

தமிழ்நாட்டின் காலநிலை மாற்றச் செயல்திட்ட உருவாக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் காலநிலை மாற்ற ஆய்வு மையம் பங்காற்றியது. 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு சுற்றுச்சூழல் துறையின் பெயரிலேயே 'காலநிலை மாற்றம்' என்னும் தொடரைச் சேர்த்தது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2023-ஆம் ஆண்டில் பெருநகரச் சென்னை மாநகராட்சி வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டம், 2050-க்குள் கார்பன் சமநிலையை எட்டுவதை இலக்காகக் கொண்டுள்ளது. அதே ஆண்டு டிசம்பரில் மிக்சாம் புயல் சென்னையின் பல பகுதிகளில் இரண்டு நாள்களில் 40 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட மழையைப் பொழிந்தது. தாள்களில் எழுதப்பட்ட இலக்கிற்கும் தெருவில் தேங்கிய நீருக்கும் இடையிலுள்ள தொலைவை அம்மழை காட்டியது.

தெருவை எட்டும் மொழி

அத்தொலைவைக் குறைக்க, அறிஞரின் குரல் மக்களின் மொழியில் அமைதல் வேண்டும். புவியின் சராசரி வெப்பநிலை எவ்வளவு உயரும் என்பது உலக மாநாட்டுக்குத் தேவையான செய்தி. சிந்தாதிரிப்பேட்டையில் மீன் விற்பவருக்குத் தேவையானவை வேறு: பெருமழையும் உயர்ஓதமும் ஒரே நாளில் சேர்ந்தால் தம் தெருவில் எவ்வளவு உயரம் நீர் நிற்கும்? எத்தனை மணி நேரத்தில் வடியும்? முன்னறிவிப்பு எப்போது கிடைக்கும்? எங்குச் செல்வது? கோடை வெப்பம் கூடினால் திறந்தவெளியில் எத்தனை மணி வரை உழைக்கலாம்? இவ்வினாக்களுக்குத் தமிழில், எளிய சொற்களில், உறுதியின் அளவோடு விடை தருவதும் ஆய்வுப் பணியின் பகுதியே.

ஆற்றங்கரை மக்களும் வெறும் கேட்போர் அல்லர். எந்த ஆண்டு வெள்ளம் எந்த வீட்டுப் படிவரை ஏறியது, எந்த வடிகால் முதலில் அடைபடும் என்பனவற்றை அவர்களே நன்கறிவர். அவ்வறிவைக் கேட்டுப் பதிவு செய்யும்போது அறிஞரின் கணக்கு மேலும் செம்மையுறும். கற்றோர் தம் அளவீட்டோடும், வாழ்வோர் தம் பட்டறிவோடும் ஒரே அவையில் அமர்ந்து பேசும்போது, கூவம் கரையில் அடுத்த கூதிர்க்காலத்தை எதிர்கொள்வதற்கான திட்டம் அங்கிருந்து தொடங்கும்.